கூட்டு ஆய்வுக் குறிப்பு

டானரி ரோட்டுக்கு அடியில்
பதினாறு மீட்டர் ஆழத்தில்
எந்திரம் நின்றுவிட்டது.
வரைபடத்தில் இல்லாத ஒரு கிணறு.
மேலே ஜுபேதாவின் சமையலறை
குக்கரோடு உள்ளே இறங்கியிருந்தது.
அவர் ரேஷன் கடையில் இருந்ததால் பிழைத்தார்.

கான்ட்ராக்டர் பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவள் நான்.
"முன்கூட்டி அறிய இயலாத நிலத்தன்மை"
என்று தொடங்கினேன்.
மெட்ரோ தரப்பில் நஞ்சுண்டப்பா
மறுநாளே பதில் போட்டார்:
"அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் அறிந்திருக்க வேண்டும்."
போன வேலையில்
அந்த நாற்காலியில் இருந்தபோது
நானே எழுதிய வாக்கியம்.
காற்புள்ளிகூட மாறவில்லை.

நோட்டீஸுக்கு இருபத்தெட்டு நாள்.
நிற்கிற எந்திரத்துக்கு நாள்வாடகை,
தேய்ந்த வெட்டுத்தகடுகள்,
இரண்டு சோதனைத் துளைகளுக்கு நடுவே
யாரும் பார்க்காத நாற்பது மீட்டரை
யார் தலையில் கட்டுவது,
எல்லாவற்றுக்கும் உட்பிரிவு உண்டு.

பத்தொன்பதாம் நாள்
இரு தரப்பும் குழியோரம் நின்றோம்.
ஜுபேதா வந்தார்.
"எங்க மாமியார் மூடுன கெணறு.
எழுபத்தொம்பதுல. ஆறு லோடு மண்ணு.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நஞ்சுண்டப்பா என்னைப் பார்த்தார்.
நான் பேனாவை மூடினேன்.
அவரும்.