செவ்வாய்க்கிழமைக்காரன்

ஸ்ரான்லி வீதி, டயர்க்கடைக்கு மேல்மாடி.
பாசையூர்ப் பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு புள்ளி.
கடன் கொடுத்த கை, வாங்கிய கை, இடையில் ஒரு கோடு.
முதல்முறை திரையில் விரித்தபோது
சீப்பிலிருந்து உருவியெடுத்த மயிர்ப்பந்து.

வாசிக்க ஏலாது. வழி தேடினேன்.
ஒரு பெயரில் சுட்டியை வைத்தால்
அவளும் அவளைத் தொட்டவர்களும் மட்டும் ஒளிர
மிச்சப்பேர் சாம்பலாவார்கள்.
ஒரே திசைக்குப் போகும் கோடுகளை
விறகுபோல் சேர்த்துக் கட்டினேன்.
ஒரு வில்லை; அது நகருமிடத்தில்
ஒழுங்கை வீங்கித் தெரியும், ஊர் ஓரத்தில் சுருங்கும்.
கீழே ஒரு தடி. வலப்பக்கம் இழுத்தால்
ஐயாயிரத்துக்குக் குறைந்ததெல்லாம் உதிரும்.

உதிர்ந்தது.
கொழும்பு அலுவலகம் கட்டைவிரல் அனுப்பியது.

வியாழன் பின்னேரம் றெஜினா வந்தாள்,
ஒரு தொகையைத் திருத்த.
இறால் உரித்த விரலைக் கண்ணாடியில் வைத்துத் தேடினாள்.
"நான் எங்கை?"

தடியைப் பின்னுக்கு இழுத்தேன்.
எழுநூறு, ஐந்நூறு, ஒருக்கால் முந்நூற்றைம்பது;
முப்பத்தொரு வீட்டிலிருந்து
முப்பத்தொரு மெல்லிய கோடு, நடுவில் அவள்.

"இவ்வளவும் என்னத்துக்கு வாங்கினனான் எண்டு
உதில கிடக்கோ?
செவ்வாய்க்கிழமைக்காரன் எங்கை?"

அவனை நான் முதல்நாளே மறைத்திருந்தேன்.
நாலு கம்பனி, நாலு பெரும்புள்ளி.
எல்லாரோடும் தொடுபட்டது எதையும் பிரித்துக் காட்டாது,
எடுத்துவிடு:
எங்கள் தொழிலில் அது பாலபாடம்.

ஒரு சொடுக்கு.
நானூற்றுப் பன்னிரண்டு பேரும்
நாலு பக்கமும் இழுபட்டுப் போனார்கள்.
கோட்டின்மேல் கோடு ஏறித் திரை கறுத்தது.
"ம்ம். இப்ப சரி" என்றாள்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கினாள்.
வந்த தொகையைத் திருத்தவே இல்லை.

நாளைக்குக் கச்சேரியில் கூட்டம்.
தாளில் அடித்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.
தாளில் சுட்டி இல்லை, தடி இல்லை,
சாம்பலாக்கியவரைத் திரும்ப எழுப்ப வழியில்லை.
அவனுக்கு இதொன்றும் தேவைப்படுவதில்லை,
மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படலையைத் தட்டினால்
எல்லாக் கோடும் ஒன்றாய்ப் பற்றும்.

துப்புரவான படமும் இருக்கிறது, கறுத்ததும் இருக்கிறது.
மை குறைவென்று அச்சுப்பொறியில்
சிவப்பு விளக்கு மினுங்குகிறது.
கண்ணாடியில் அவள் விரல் பட்ட இடம் இன்னும் பிசுக்கு;
கோடுகள் அதற்குக் கீழால் போகின்றன.