வெளியே ஒன்றும் இல்லை

பஞ்சுக் கழிவைக் கயிற்றில் சுற்றிப் பிடித்திருக்கிறேன்.
அறுந்த கம்பி ஒன்றிருந்தாலும் நூலை இழுக்கும்.
நானூறு அடிக்கு எதுவும் இழுக்கவில்லை.

குப்பத்துப் பக்கக் காற்றில் பிடுங்கிப் போட்ட கடலைக்கொடி வாசம்.
எந்திர அறையிலிருந்து நரசிம்முலு
"பாகுந்தா?" என்கிறான்.
"பாகு..."

கிரீஸ் காய்ந்த ஓரிடத்தில் கை நின்றுவிட்டது.
கூராணி செருகிப் புரியை நெம்பினேன்.
செந்தூள்.
நடுவிலிருந்த சணல் திரி
நமுத்து ஆறிய அப்பளமாய் உதிர்கிறது.

பாரம் அல்ல இதைக் கெடுத்தது.
கப்பியில் வளையும்போதெல்லாம்
கம்பியைக் கம்பி தின்றிருக்கிறது,
எண்ணெய் எட்டாத இடத்தில்
சுரங்கத்து ஈரம் குடித்தனம் நடத்தியிருக்கிறது.
நாங்கள் மாதாமாதம் மேலே மினுக்கிக்கொண்டிருந்தோம்.

"எத்தனை இழை அறுந்திருக்கு?" போனில் மேனேஜர்.
வெளியே ஒன்றும் இல்லை சார்.
"அப்புறம்?"
பதிவேட்டில் எழுதிவிட்டேன்: இனி உதவாது.

எழுதியாகிவிட்டது. ஆனால்
கீழே முப்பத்தெட்டுப் பேர்.
ஏணிப்பாதை போன மழையில் சரிந்தது, இன்னும் எடுக்கவில்லை.
புதுக் கயிறு வர ஒன்பது நாள்.

நரசிம்முலு உள்ளங்கையைச் சட்டையில் துடைக்கிறான்.
"தடவைக்கு நாலு பேர்," என்கிறேன்,
"பிரேக்கைப் பூப்போல."

கீழிருந்து மணி.
ஒன்று.
இரண்டு.

மூன்று என்றால்
ஆள் ஏறுகிறது.