காரா பன் வரைக்கும்

சில்க் போர்டு மேம்பாலத்துக்குக் கீழே
நாற்பது நிமிடமாய் நகராத வாடகைக் காரில்
ஓட்டுநரின் போனிலிருந்து திடீரென்று
அந்தப் பாட்டு.
இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில்
என் கழுத்து தானாக ஒருமுறை வெட்டியது.
பாட்டு வெட்டவில்லை.
எண்ணெய் தடவினாற்போல்
வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் தட்டில் அங்கே ஒரு கீறல் உண்டு.
ஒரே அசையில் மூன்று தரம் இடறி
முள் எம்பிக் குதித்தால்தான் கிட்டார் வரும்.

அவென்யூ ரோடு, ஞாயிற்றுக்கிழமைச் சாக்கு விரிப்பு.
ஏழு ரூபாய் சொன்னவனிடம்
நாலேகாலுக்குப் பேசி வாங்கினோம்.
உறையில் வேறொருவன் படம்.
உள்ளே பாடுகிறவன் யாரென்று
ஒரு வருடம் எங்களுக்குத் தெரியாது.

எண்பத்தாறு.
ஆய்வகத்தில் உடைந்ததையெல்லாம் பொறுக்கி
டெஸ்மண்ட் லோபோ ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தான்.
அனுமதியா? கேட்டால்தானே மறுப்பார்கள்.
விடுதி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
துணி காயப்போடும் கம்பிதான் ஆன்டெனா.
எவனாவது ஈர லுங்கியைப் போட்டுவிட்டால்
நிலையத்துக்கு மூச்சுத் திணறும்.

அலை எதுவரை எட்டும் என்று நடந்தே அளந்தோம்.
அவன் மேலே பேசிக்கொண்டே இருக்க,
நான் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்தி
கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி,
ஐயங்கார் பேக்கரியின் கண்ணாடி அலமாரிவரை போனேன்.
இன்னும் ஓரடி வைத்தால் இரைச்சல்,
அப்புறம் கன்னட நாடகம்.
எங்கள் உலகம் காரா பன் வரைக்கும்.

வியாழன் இரவு ஒன்பதரை.
லோபோ வாய், நான் கை.
அவன் இங்கிலீஷில் குழைவான்;
எனக்கு மைக்கைக் கண்டால் தமிழே ஓடிவிடும்.
முள் தாவாமலிருக்க அதன் தலையில்
ஐந்து பைசா ஒட்டுவேன்.
கீறல் தட்டுக்கு மட்டும் எட்டணா.
அப்படியும் குதித்தது.

நாங்கள் பிறக்குமுன்பே பழசாகிப்போன பாட்டுகள்.
சாம்பியன் ரீஃபில், சுரங்க அதிகாரிகளின் கிளப்புக்குப் பின்சுவரோரம்,
அப்பாவின் ஷிப்ட் முடியக் காத்திருந்த சாயங்காலங்களில்
சுவர் தாண்டி வெளியே விழுந்ததைக் கேட்டிருக்கிறேன்.
டிரம் மட்டும் வரும். சொற்கள் அந்தப் பக்கமே தங்கிவிடும்.
ஆக, பத்தொன்பது வயதிலேயே நான் ஏங்கியது
யாரோ ஆடி முடித்துவிட்டுப் போன ஆட்டத்துக்கு.
இப்போது ஏங்குவது அந்த ஏக்கத்துக்கா,
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காவலாளி முனிவெங்கடப்பா ஓரிரவு படியேறி வந்தார்.
மாட்டிக்கொண்டோம் என்று லோபோ வயரைப் பிடுங்கினான்.
அவர் தொட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கி,
கன்னடத்தில் கேட்டார்:
அந்த இடறுகிற பாட்டு, இன்னொருதரம் வருமா?

அதற்கப்புறம் கடைசிப் பாட்டு எப்போதும் அதுதான்.
கீழே கேட்டருகில்
ஒவ்வோர் இடறலுக்கும் ஒருமுறை
லத்தி தரையில் தட்டும்.
எங்களுக்கு வந்த ஒரே நேயர் கடிதம்.

போன வருடம் லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாணத்தில் லோபோ.
தலை முழுக்க வெள்ளை, கையில் பிரியாணித் தட்டு.
வியாழனா? செவ்வாய்டா, என்றான்.
சண்டை போட்டோம், நிஜமாகவே,
அவன் மனைவி வந்து விலக்குமளவுக்கு.
ஈர லுங்கி நினைவிருக்கிறது அவனுக்கு.
பேக்கரி நினைவிருக்கிறது.
"கீறலா? நம்மகிட்ட ஏதுடா கீறல் தட்டு?"

'மாத்தட்டுமா சார்?' என்கிறான் ஓட்டுநர்.
வேண்டாம், திரும்பப் போடு.
இந்தமுறை அந்த இடம் வந்ததும்
ஜன்னல் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினேன்.
பாட்டு எனக்காக நிற்கவில்லை.
கண்ணாடிவழி ஒருமுறை பார்த்துவிட்டு
அவன் கியரை மாற்றினான்.
வண்டி நகர்ந்தது,
ஒரு காரா பன் தூரம்.