பன்னிரண்டாம் கட்டில்

பதினோராம் கட்டிலில் இருந்த பெண்
சாக வேண்டும் என்றாள்.
இருபத்தாறு வயது, மாத்திரை விழுங்கி வந்தவள்.
ஓடி வந்தார்கள்:
மனநல மருத்துவர், சமூக ஊழியர்,
கைப்பையிலிருந்த நகவெட்டியைக்கூட எடுத்துப்போன தாதி.
இரவு முழுக்கக் கால்மாட்டில் ஒரு நாற்காலி,
அதில் தூங்காமல் ஓர் ஆள்.

பன்னிரண்டில் நான். நிமோனியா.
சாக வேண்டும் என்று சொல்லவில்லை.
எனக்கு ஒரு படிவம் வந்தது.

டாக்டர் இயோ நல்லவர்.
குனிந்து பேசாமல் உட்கார்ந்து பேசினார்.
"மூச்சுக்குழாய் போட வேண்டி வந்தால், மேடம் குணவதி,
உங்கள் வாழ்க்கைத் தரத்தை யோசித்து..."
தரம்.
முட்டைக்கு உண்டு. அரிசிக்கு உண்டு.

ஐம்பத்து மூன்று வருடமாகத் தசைகள்
என்னிடமிருந்து ஓய்வுபெற்றுப் போகின்றன,
பழைய குமாஸ்தாக்கள் மாதிரி,
ஒவ்வொன்றாக, விருந்துகூட இல்லாமல்.
மிச்சம் கழுத்து, வலது கட்டைவிரல், வாய்.
வாய்க்கு ஒரு குறையும் இல்லை.
அண்ணி சாட்சி.

தோ பாயோவில் எங்கள் புளோக் லிப்டில்
முன்பின் தெரியாதவர்கள் பாராட்டுவார்கள்:
"நானா இருந்தா எப்பவோ செத்துருப்பேம்மா."
பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள்.
நான் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஏழு. ஆறு.

அண்ணன் மகன் கவின்முகில் கல்லூரி விவாதக் குழுவில்.
தலைப்பு: கண்ணியமாகச் சாகும் உரிமை.
என் அறை வாசலில் நின்று ஒத்திகை பார்த்தான்.
"கண்ணியம் இழப்பதென்பது, உதாரணமாக,
நம்மைப் பிறர் கழுவிவிடும் நிலை..."
உள்ளே தின்சார் என்னைக் கழுவி முடித்து
பவுடர் தட்டிக்கொண்டிருந்தாள்.
தன் ஊர்ப் பாட்டொன்றை அவள் தப்பாகப் பாட
அதைத் திருத்துவதாக நானும் தப்பாகப் பாட
இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.
கவின் தாளைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.
அந்த வரியை அடித்தான்.
வேறு உதாரணம் கிடைத்ததா, தெரியாது.

ஹஸ்னாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
பிடோக்கில், தன் வீட்டில், புற்று எலும்பில் ஏறியபின்
ஒரு நள்ளிரவில் போன் செய்தாள்.
"இந்த வலியில் எனக்கு அந்தக் கதவு வேண்டும் போலிருக்கிறது, குணா.
கோபமா?"
கோபமில்லை.
பதிலும் இல்லை.
காலையில் வந்த இல்லப் பராமரிப்புத் தாதி
மார்ஃபினைக் கூட்டினாள். பதினெட்டு நாள்
வயிற்றில் பூனையை வைத்துக்கொண்டு
எல்லோரையும் ஏசினாள், பிறகு போனாள்.
மறுபடி அவள் கேட்கவில்லை.
அதுவே பதில் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
காய்ச்சல் வருவதற்கு முந்தின இரவு
கூடத்தில் அண்ணன் கணக்குப் போட்டார்.
தின்சாரின் சம்பளம், தீர்வை, டயப்பர்,
மூச்சு இயந்திரம், சக்கர நாற்காலிக்குப் புது பேட்டரி.
கால்குலேட்டர் பொத்தான்கள்
சுவர் தாண்டிக் கேட்டன.
அழித்துவிட்டு மறுபடி போட்டார்.
நல்ல மனிதர், இரண்டு முறையும் அதே தொகை.
அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருந்தால்
நானே கேட்டிருப்பேன்.
என் சொந்த விருப்பம் என்று
கட்டைவிரல் வைத்தும் கொடுத்திருப்பேன்.
யாரும் என்னை வற்புறுத்தியிருக்க மாட்டார்கள்.

"எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர்.
குழாய் போடுங்கள்.
இரண்டு வாரத்தில் பயனில்லை என்றால் எடுங்கள்.
எடுக்கும்போது மூச்சுத் திணறக் கூடாது.
தின்சார் பக்கத்தில் இருக்கட்டும்,
பார்வை நேரம் முடிந்ததென்று அனுப்பாதீர்கள்."

எழுதினார். "வேறு ஏதாவது, மேடம்?"

திரைக்கு அந்தப் பக்கம்
பதினோராம் கட்டில் புரண்டு படுத்தது.
நாற்காலியில் இருந்தவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"அதே மாதிரி ஒரு நாற்காலி," என்றேன்.
"எனக்கும்."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.
பிறகு ஓரத்தில்,
தாளைத் திருப்பிவைத்து, எழுதினார்.