மஞ்சள் நடுவில் வர வேண்டும்

தேவரூபி சொன்னது இவ்வளவுதான்:
வெங்காயம் போடாதீங்க, கொச்சிக்காய் போடாதீங்க,
மிளகை விரலால எடுங்க, கரண்டியால வேணாம்.

"மறுகா என்னத்துக்கு அதைத் தின்னுற?"

மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊரிலிருந்து
சிரித்தாள்.

சைத்தாமாவில் ஒரு முதியோர் இல்லம்.
மூன்றாம் மாடியில் அவளுக்கு இராக் கடமை.
பன்னிரண்டரைக்கு இடைவேளை,
விடிய விடியத் திறந்திருக்கும் கடையில்
பொலித்தீனுக்குள் முக்கோணமாய் முட்டைச் சாண்விச்.
பல்லுக்கு வேலையே இல்லை என்கிறாள்.

சனிக்கிழமை நானும் கல்லடியில் அதைச் செய்வது,
எனக்கு ஒன்பதும் அவளுக்குப் பன்னிரண்டரையும் ஆகும்போது
போனில் முகம் பார்த்துக்கொண்டு
ஆளுக்கொன்று சாப்பிடுவது என்று பேச்சு.

ஐந்து முட்டை.
மசிக்க மூன்று, பன்னிரண்டு நிமிடம்.
முழுதாய் வைக்க இரண்டு, ஏழே நிமிடம்.
யதுர்சன் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு
வாய்ப்பாடு மாதிரிச் சொன்னான்.
ஐஸ் கேட்டுப் போனதற்கு
"ஆருக்குக் காய்ச்சல்?" என்றா பக்கத்து வீட்டு மற்றில்டா.
முட்டைக்கு என்றேன்.
கதவைச் சாத்தாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா.

அன்றைக்கு இட்ட முட்டை, கோது விடவில்லை.
ஒன்று அம்மைத் தழும்போடுதான் வந்தது.
மஞ்சட்கரு, எண்ணெய், கடுகு, தென்னம் வினாகிரி,
முள்ளுக்கரண்டியால் அடிக்க அடிக்க
முதல் தரம் திரைந்தது.
இரண்டாம் தரம் எதற்கோ மனமிரங்கி
இறுகியது.

அச்சுப்பாணின் ஓரத்தை வெட்டச் சொல்லியிருந்தாள்.
கால் றாத்தலுக்கு வரிசையில் நின்ற கை இது.
கத்தி கொஞ்சம் யோசித்தது.
வெட்டிய ஓரங்களை நின்றபடியே
மத்தியான ஆணத்தில் தோய்த்துத் தின்று முடித்தேன்.
யப்பான் மீன் ஆணம்.
குளத்து மீனுக்கு ஆர் வைத்த பேரோ,
அது யப்பானைக் கண்டதில்லை.
நானும்.

மசித்ததைப் பரவி, நடுவில் இரண்டையும் வரிசையாய்க் கிடத்தி,
மூடி, பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி,
மேலே ஒரு கிலோ சீனிப் பையைப் பாரம் வைத்தேன்.
இருபது நிமிடம்.
பிறகு வெட்டு.

நில அளவைக் கந்தோரில்
பத்தொன்பது வருடம் சங்கிலி இழுத்தவன்,
அண்ணன் தம்பி கத்திக் குழறுகிற வளவுகளில்
நடுக்கோடு கண்டவன்.
வெட்டிப் பிரித்தால்
ஒரு முட்டையில் மஞ்சள் வட்டமாய் நிற்கிறது,
மற்றதில் விளிம்போரம்
நகக்கண் அளவு.

ஒன்பது. மணி போகிறது, எடுக்கவில்லை.
ஒன்பதே கால்.
ஒன்பதரை.
யதுர்சன் தன் பங்கைத் தின்றுவிட்டு
"பரவாயில்லப்பா, ஒரு கொச்சிக்காய் போட்டிரிக்கலாம்"
என்று படுக்கப் போனான்.
நான் என்னுடையதைக் கோப்பையால் மூடினேன்.
எறும்பு வர, தண்ணீர்த் தட்டில் வைத்தேன்.

பத்தே முக்காலுக்குக் குரல் வந்தது, முகம் இல்லை.
"பதினாலாம் அறை அம்மா மோசம் போயிட்டா.
மகன் வந்து சேரக்குள்ள நல்லா இரிக்கட்டும் எண்டு
தலை இழுத்து விட்டன்.
சாண்விச் பையிக்குள்ளதான் கிடக்கு.
நீங்க சாப்பிட்டீங்களா?"
பின்னால் ஒரு லிஃப்ட் திறந்து மூடும் சத்தம்.

சாப்பிட்டாச்சு என்று எழுதிவிட்டு
சாப்பிடத் தொடங்கினேன்.
சரிதான், பல்லுக்கு வேலையில்லை.
தொண்டைக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

படத்தை அனுப்பினேன்.
விடியப் பார்த்தால் பதில் கிடக்கிறது:

"ஒரு மஞ்சள் கோணல்.
சுத்தினாப் பிறகு முட்டை கிடக்கிற இடம் தெரியாது.
பொலித்தீனில பேனையால கோடு போட்டு வைக்கணும்.
உங்களுக்குமா இதைச் சொல்லித் தரணும்?"