நின்றால் ஒழுகும்

பானெட்டைக் கழற்றி மகனின் கட்டிலில் கிடத்திவிட்டோம்,
அடியில் கம்பளி, மேலே அவனுடைய கால்பந்துப் போர்வை.
சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்து
"யாரும்மா அது?" என்றான்.
பச்சை மிட்ஜெட். எழுபத்தொன்றில் பிறந்தது.
உன்னைவிட மூத்தது, மரியாதையாகப் பேசு.

ஜெலுத்தோங்கில் எங்கள் தெருவே அறியும் அந்தக் கறையை.
போர்ச்சில் தொடங்கி, கேட்டுக்கு அடியில் புகுந்து,
மழை பெய்தால் வானவில்லாகி வாய்க்கால்வரை போகும்.
பக்கத்து வீட்டு ஹஸ்னாவின் பூனை, பெயர் கொமோட்,
பெயருக்கேற்ற அழுக்கோடு அதை மிதித்து
அவர்கள் வெள்ளைத் தரையில்
ஹாலிலிருந்து அடுப்படிவரை கையெழுத்துப் போட்டது.
அன்று முடிவுசெய்தேன்: இஞ்சினை வெளியே எடுக்க வேண்டும்.

"பெங்கேலில் விடு" என்றார் லிங்கம்,
செய்தித்தாளிலிருந்து முகம் எடுக்காமல்.
இரண்டு முறை விட்டாயிற்று.
இரண்டு முறையும் துடைத்துத் தந்தார்கள்.

வருமானவரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம்
ஒழுகும் கணக்குகளோடு உட்கார்ந்தவள் நான்.
ஈரம் இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்காது.
மேலே போ. இன்னும் மேலே.
டாப்பெட் மூடியின் கார்க் பிஸ்கட்டாக நொறுங்கியது.
டைமிங் மூடியும் அப்படியே. சம்ப்பைக் கேட்கவே வேண்டாம்.

நட்டுகள் மைலோ டின்களில்,
ஒவ்வொன்றிலும் மார்க்கரில் விலாசம்:
ரேடியேட்டர். கார்புரேட்டர், இடது.
ஸ்டார்ட்டர், மேல்.
ஸ்டார்ட்டர், கீழ், சனியன்.

கிரேன் மிஸ்டர் தெயோவுடையது.
ஞாயிறு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும்.
ஒருவர் நெம்புகோலை அடிக்க, ஒருவர் வாலைப் பிடிக்க,
இரண்டு பேர் இல்லாமல் ஆகாத வேலை.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
லிங்கம் வந்து நின்றார், நான் கூப்பிடவில்லை.

"மெல்ல."
"மெல்லத்தான்."
"உன் பக்கம் இடிக்குது."
"எந்தப் பக்கம்?"
"கொஞ்சம் தூக்கு. இன்னும். போதும். போதும்னா போதும்."
மகன் போனபின் எங்களுக்குள்
கரண்ட் பில், அரிசி, கதவைப் பூட்டினாயா.
அந்த அரைமணியில் ஒரு வருஷத்துப் பேச்சு.

கியர்பாக்ஸின் வாலில்
ரம்புத்தான் வாங்கிய பையைக் கட்டியிருந்தேன்,
மூன்று ரப்பர் பேண்ட் போட்டு.
சாய்ந்ததும் பை ஆட்டுமடியாக வீங்கியது,
கிழிந்தது,
லிங்கத்தின் இரண்டு பாதங்களிலும்
ஆற அமர ஊற்றியது.
பிடியை விட முடியாது. நகர முடியாது.
கடைசிச் சொட்டுவரை நின்றார்.
"அபிஷேகம் முடிஞ்சுதா?"
நான் சிரித்ததில் சங்கிலி ஆடியது,
இஞ்சினும் ஆடியது,
அவரும் வாலைக் கட்டிப்பிடித்தபடி.

இஞ்சின் இருந்த இடத்தில் தரை தெரிந்தது,
தரையில் ஒரு பத்து சென்.

கேஸ்கெட் பார்சல் சுங்கத்தில் பதினோரு நாள் கிடந்தது.
அதுவரை அது பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தது,
நான் கட்டாத நைலக்ஸ் சேலையைப் போர்த்திக்கொண்டு.
தபால்காரர் ஒரு நாள் அதற்கு வணக்கம் வைத்தார்.

பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
அங்கே சீல் என்று எதுவுமே இல்லை.
கிராங்க் முனையில் திருகு வெட்டிய பள்ளம் மட்டும்.
சுழலச் சுழல எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும்,
நின்றால் கைவிடும்.
தேய்மானம் அல்ல, யாரோ மேசையில் உட்கார்ந்து
இது போதும் என்று வரைந்தது.
எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மாட்டினோம். இந்த முறை இரட்டைப் பை.
தஞ்சோங் பூங்கா வரை கூரையைத் திறந்து ஓட்டினேன்,
லிங்கம் தொப்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

காலையில் அட்டையை இழுத்துப் பார்த்தோம்.
குந்தியபடி, கோப்பி கையில்,
"மூணு" என்றார் அவர்.
"இல்லை, ரெண்டு. அது கோப்பி."

கொமோட் வந்தது. மோந்தது.
சுற்றிக்கொண்டு போனது.