நீரின் வேற்றுமைகள்

காப்பீட்டு நிறுவனம் கேட்டிருப்பது ஒரே கேள்வி:
பி இருபத்தேழில் நீர் கசிவதாக
முதல் தகவல் உங்களுக்குக் கிடைத்தது என்று?

கோட்காவில் மணி மூன்றரை. இருட்டிவிட்டது.
துறைமுகத்தில் காகிதச் சுருள் ஏற்றும் கப்பலின் விளக்குகள்.
என் மேசைக் கணினிக்குள்
பதினோரு வருட மின்னஞ்சல்,
ஆறு அடுக்குமாடிகளின் மொத்தப் புலம்பல்.

அனுப்புநர் கட்டத்தில் உர்போ ஸாரெலா.
தேடல் கட்டத்தில் வெஸி. நீர்.
ஒன்றுமில்லை என்றது.

ஒன்றுமில்லையா?
அந்த மனிதர் எனக்கு
நீரைத் தவிர வேறெதைப் பற்றி எழுதினார்?

அப்புறம்தான் உறைத்தது.
எங்கள் ஃபின்னிஷ் மொழியில் நீர் சும்மா நிற்காது.
பதினைந்து வேற்றுமை,
போகிற இடத்துக்கெல்லாம் முகம் மாற்றிக்கொள்ளும்.
நீருடைய என்றால் வெதென்.
நீர் வருகிறது என்று அலறினால் வெத்தா,
அதாவது கொஞ்சம் நீர், அளவு சொல்லாத நீர்.
முழு நீர் எவர் வீட்டிலும் ஒழுகுவதில்லை.
ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும் இது.
இந்த நிரல் சொல்லின் தலையைப் பார்த்துத்தான்
ஆளை அடையாளம் காண்கிறது.
தலை மாறினால், அந்நியன்.

அனுப்புநரை அழித்துவிட்டு,
சொல்லின் வாலையும் நறுக்கி
வெஸ் என்று மட்டும் அடித்துப் பார்த்தேன்.
கொட்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் வெஸா, எங்கள் பராமரிப்பு ஆள்.
வெஸா விடுப்பில்.
வெஸாவிடம் சாவி.
வெஸா பனி அள்ள வந்தாரா இல்லையா.
நீரைக் கேட்டால் ஆளைப் பிடித்துவந்து நிறுத்துகிறது.

வெத் என்று தட்டினால்
நீரோடு காற்றும் சேர்ந்து வந்தது.
சன்னல் இடுக்கில் நுழையும் காற்றுக்கும்
எங்களிடம் அதே தலைதான்.
சி கட்டடத்துக் குளிர் முழுக்க என் திரையில்.

அதற்குள்ளிருந்து பொறுக்கியெடுத்தேன்
ஸாரெலாவின் ஒன்பது கடிதங்களை.
தேதிப்படி இல்லை, பொருத்தப்படியாம்.
எதில் அதிகம் வெத்தா வெத்தா என்று கத்தினாரோ
அது மேலே, மார்ச் மாதத்தது.
கீழே கிடந்த மூத்தது, ஜனவரி பதினான்கு.

நல்ல தேதி.
பதினாறாம் நாளே வெஸா போய்ப் பார்த்திருக்கிறார்.
எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

ஆனால் திரையின் அடியில்
பொடி எழுத்தில் ஒரு வரி நகர்ந்துகொண்டிருந்தது:
அட்டவணை தயாராகிறது, இன்னும் மூன்று விழுக்காடு.
போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தேன்.
சொல்லே வேண்டாமென்று
அவர் பெயரை மட்டும் மறுபடி அடித்தேன்.

பத்து.

பத்தாவது குப்பைத் தொட்டியில் கிடந்தது.
நவம்பர் ஒன்பது.
தலைப்பு: வணக்கம்.
'குளியலறைக்கு மேலே கூரை வியர்க்கிறது.
அவசரம் ஒன்றுமில்லை.'
கூடவே ஒரு புகைப்படம்.
படத்துக்குள் தேட இந்த நிரலுக்குக் கண் கிடையாது.
நீல வாளி, பாதிக்குக் கொஞ்சம் கீழே.

நீர் என்ற சொல்லே அதில் இல்லை,
பதினைந்தில் ஒரு வேற்றுமையிலும்.

என் பதில், நான்கு நிமிடம் கழித்து:
நன்றி, கவனத்தில் கொண்டோம்.
அதற்குப் பிறகு நானே அழித்திருக்கிறேன்.
என் கணினியில் வேறு யாரும் கை வைப்பதில்லை.

காப்பி ஆறிவிட்டது.
படிவத்தின் கட்டத்தில்
பதினான்கு என்று அடித்திருந்ததை எடுத்தேன்.
ஒன்பது என்று போட்டேன்.
சான்று இணைக்கவும் என்றது படிவம்.
அழித்ததை மீட்கவா என்றது நிரல்.

மீட்டதும் அது
நவம்பர் கடிதங்களுக்கு நடுவே தன் இடத்துக்குத் தாவி,
படிக்காத அஞ்சல் என்று
தடித்த கறுப்பெழுத்தில் நின்றது.

நிரலின் இன்னொரு கோளாறுதான்.
புகார் செய்ய எனக்கு வாய் வரவில்லை.